தகரப் பெட்டிக்குள் ஒரு கணக்கேடு

கடந்த ஆவணித் திங்களில் நம் இல்லத்திற்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தனர். வெள்ளையடிப்பு என்றால் வீடே தலைகீழாகும் என்பதைக் குடும்பம் நடத்துவோர் அனைவரும் அறிவர். பரண்மேல் பல்லாண்டுகளாக அசையாது கிடந்த பித்தளைக் குடங்கள், கால் ஒடிந்த நாற்காலி, கட்டுக்கட்டாகப் பழைய நாள்காட்டிகள் ஆகியவற்றோடு, துருவேறிய தகரப் பெட்டி ஒன்றும் கீழே இறங்கிற்று. "இதையும் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாமா?" என்று நம் துணைவியார் வினவினார். திறந்து பார்த்தபின் சொல்வதாகக் கூறினோம். திறந்தோம். அன்று விளக்கு வைக்கும் நேரம் வரையில் அப்பெட்டியின் அருகிலேயே அமர்ந்திருந்தோம்.

செவிலியர் கல்லூரியில் பயிலும் நம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் பெட்டியினுள் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் பரப்பினாள். மடிப்புகளில் கிழிந்துபோன பணி நியமன ஆணை ஒன்று. சிறு கைப்பிடியின் முனையில் பற்கள் பதித்த வட்டத் தகடு கொண்ட கருவி ஒன்று. நுனி இரண்டாகப் பிளந்து கவட்டை போல் அமைந்த, விரல் நீள ஊசி ஒன்று. உடலெங்கும் கொப்புளங்கள் நிறைந்த குழந்தையின் வண்ணப்படம் அச்சிட்ட அட்டை ஒன்று. எல்லாவற்றிற்கும் அடியில், காலிகோ துணி அட்டை போட்ட சிறு கணக்கேடு ஒன்று.

"தாத்தா, இதெல்லாம் என்ன?" என்றாள் அவள்.

நாம் சென்னை மாநகராட்சியில் அம்மை குத்துபவராக வேலை பார்த்த காலத்தின் சின்னங்கள் அவை. முதல் நான்கைப் பற்றியும் அவளுக்கு மகிழ்ச்சியோடு விளக்கினோம். ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது நம் குரல் தடைப்பட்டது. ஏன் தடைப்பட்டது என்பதை அவளிடம் அன்று சொன்னோம். வாசகர்களிடம் இன்று சொல்கிறோம்.

1966-ஆம் ஆண்டில், நம் இருபதாம் வயதில், மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவில் பணியமர்ந்தோம். இந்தியாவிலேயே மிகப் பழைமையான மாநகராட்சி அது. 1687-இல் பட்டயம் பெற்று 1688-இல் தொடங்கியது. 1913-இல் திறக்கப்பெற்ற ரிப்பன் கட்டடத்தின் வெண்மையையும் அதன் மணிக்கூண்டையும் முதன்முறையாக அருகில் நின்று அண்ணாந்து நோக்கியபோது, அந்தப் பெரிய மாளிகையின் ஒரு சிறு செங்கல்லாக நாமும் ஆகிவிட்டோம் என்ற பெருமிதம் உள்ளத்தில் பொங்கியது. ஆனால் நம் பணி மாளிகையில் இல்லை. வடசென்னையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய குடிசைப் பகுதிகளில், சந்து சந்தாக, வாசல் வாசலாக நடப்பதே நம் பணி.

பெரியம்மை என்ற நோயை இக்காலத்து இளைஞர் அறியார். தடுப்பு இல்லாத நிலையில் அதன் கொடிய வகைக்கு ஆளானோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். பிழைத்தவரில் பலர் முகம் முழுதும் தழும்போடு வாழ்ந்தனர், சிலர் கண்ணிழந்தனர். அம்மை வார்த்த வீட்டின் வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். வீட்டில் தாளிதம் செய்யார். அயலாரை உள்ளே விடார். நோய் தணிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை நோயின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லார். அந்த அச்சமும் பக்தியும் நாம் எள்ளி நகையாடத் தக்கவை அல்ல. மருந்தே இல்லாத நோயின் முன் தலைமுறை தலைமுறையாக நின்ற மக்களுக்கு வேறு என்ன துணை இருந்தது? அயலாரை உள்ளே விடாத அவ்வழக்கம், தொற்றைத் தடுக்கவும் ஓரளவு உதவியிருக்கும்.

தடுப்பு ஒன்று மட்டும் இருந்தது. 1796-இல் ஆங்கில மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் காட்டிய வழி அது. கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் அம்மைப்பால் தயாரிக்கப்பட்டது. அதைத் தோலில் வைத்து, நாம் மேலே சொன்ன பற்களுள்ள தகட்டை அழுத்தித் திருகவேண்டும். குழந்தை வீறிட்டு அழும். சில நாள்களில் குத்திய இடம் கொப்புளித்துக் கை வீங்கும், காய்ச்சல் காயும். ஒரு வாரம் கழித்து மீண்டும் சென்று, அம்மைப்பால் பற்றியிருக்கிறதா என்று பார்த்து ஏட்டில் குறிக்கவேண்டும். பற்றாவிடில் மறுபடியும் குத்தவேண்டும். தெருவில் நம் தலை தெரிந்ததும் "அம்மை குத்துறவர் வராரு" என்ற கூக்குரல் எழும். குழந்தைகள் கட்டில் அடியிலும் தண்ணீர்ப் பீப்பாயின் பின்னும் பதுங்குவர்.

இனி அந்தக் கணக்கேட்டிற்கு வருவோம்.

அலுவலகப் பதிவேடு வேறு. இது நாம் சட்டைப் பையில் வைத்திருந்த சொந்தக் குறிப்பு. வீட்டு அடையாளம், குழந்தையின் பெயர், வயது, குத்திய நாள், பற்றியதா இல்லையா என்பவற்றை இதில் எழுதி, மாலையில் பதிவேட்டில் ஏற்றுவோம். நாளொன்றுக்கு 40 கைகள் என்று நமக்கு நாமே ஒரு கணக்கு வகுத்துக்கொண்டிருந்தோம். உடன் பணியாற்றிய எவரையும்விட நம் எண்ணிக்கை குறையலாகாது என்ற இளமைச் செருக்கு அது. யாரும் நம்மை அவ்வாறு ஏவவில்லை.

1967 பிப்ரவரியில் ஒருநாள். வெயில் ஏறிவிட்டது. கணக்கேட்டில் 37 பெயர்கள் இருந்தன. சந்தின் கடைசிக் குடிசையில், மீன் கூடை சுமந்து விற்கும் பெண்மணி ஒருவர், மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். கருவியைக் கண்டதும் பையன் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினான்.

"சார், கை வீங்கிடும். மூணு நாளு இவனத் தூக்கிக்கினே திரியணும். நான் கூடை எடுக்காட்டி அடுப்பு எரியாது. அடுத்த வாரம் வந்து குத்துங்க சார்" என்று அவர் கெஞ்சினார்.

அவர் கேட்டது நியாயமான தவணையே. "அடுத்த வாரம்" என்று குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் சென்றிருந்தால் குறையொன்றும் இல்லை. நாம் செய்தது வேறு. பையனின் பெயரைக் கேட்டு எழுதினோம். வெளியே வந்து, குத்தியதாகக் குறித்தோம். முப்பத்தெட்டாவது பெயர் அது. ஒரு வாரம் கழித்து, பார்க்காமலே "பற்றியது" என்றும் குறித்தோம். மனச்சான்று உறுத்தவில்லையா என்று கேட்டால், அப்போது உறுத்தவில்லை என்பதே உண்மை. ஒரு பெயர்தானே என்று எண்ணினோம். பொய்யின் தீமை இங்கேதான் உள்ளது. "அடுத்த வாரம்" என்று எழுதியிருந்தால் அந்தக் குடிசையின் கதவு நமக்குத் திறந்தே இருந்திருக்கும். "பற்றியது" என்று எழுதியதும் அது மூடிக்கொண்டது. ஏட்டை நம்பி நாமும் அங்கே போகவில்லை. வேறு எவரும் போகவில்லை.

ஏப்ரல் மாதத்தில் அந்தச் சந்தில் பெரியம்மை கண்டிருப்பதாகச் செய்தி வந்தது. நம் மேலதிகாரியாகிய சுகாதார ஆய்வாளரோடு விரைந்து சென்றோம். கடைசிக் குடிசையின் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே வாழையிலையில் அந்தப் பையன் கிடந்தான். முகத்தில் முத்துகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன. ஆய்வாளர் பதிவேட்டைப் புரட்டினார். பையனின் பெயருக்கு நேரே நம் கையெழுத்தில் "பற்றியது" என்றிருந்தது. அவர் குனிந்து, பையனின் இரு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்துகளுக்கு இடையே எங்கேயும் அம்மை குத்திய தழும்பு இல்லை. பிறகு நிமிர்ந்து நம் முகத்தைப் பார்த்தார். வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை இன்றளவும் நாம் மறந்தோமில்லை.

பையனைத் தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மருத்துவர் அ. இராமச்சந்திர ராவ் அந்நாளில் பெரியம்மை நோயாளரை ஆராய்ந்து வந்தது சென்னையில்தான். ஏறத்தாழ 7,000 நோயாளரைக் கண்டு அவர் வகுத்த நோய்ப் பாகுபாட்டைப் பின்னர் உலகமே ஏற்றுக்கொண்டது. அத்தகைய அறிஞர் இருந்த நகரிலும், நோய் வந்தபின் அதைப் போக்கும் மருந்து எவரிடமும் இல்லை. நோய் தன் போக்கில் முடியும்வரை காத்திருப்பதே வழி.

அன்று மாலை ஆய்வாளரிடம் சென்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். வேலை போய்விடும் என்றே எண்ணினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர் நம் சட்டைப் பையிலிருந்த கணக்கேட்டை வாங்கி மேசைமேல் வைத்து, "இதில் உள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் போ. ஏட்டைப் பார்க்காதே, கையைப் பார்" என்றார்.

மறுநாள் தொடங்கி, விடியலிலும் அந்தியிலும், விடுமுறை நாள்களிலும் நடந்தோம். சந்துகளில் கால் கடுக்க நின்று, குழந்தைகளின் கைகளைத் திருப்பிப் பார்த்தோம். ஏட்டில் "பற்றியது" என்று இருந்து, கையில் தழும்பு இல்லாத குழந்தைகள் மொத்தம் 6 பேர். அவர்களுள் ஒருவன் மருத்துவமனையில் இருந்தான். மற்ற ஐவருக்கும் குத்தினோம். ஒரு வாரம் கழித்துச் சென்று பார்த்தோம். அந்த ஆறு பெயர்களையும் சிவப்பு மையால் கோடிட்டோம். அந்தக் கோடுகளைத்தான் நம் பேத்தி, "இது என்ன தாத்தா, தப்பு எழுதி அடித்தீர்களா?" என்று கேட்டாள். ஆம், தவறுதான், ஆனால் அடிக்கவில்லை, அடிக்கோடிட்டோம்.

பையன் பிழைத்தான். ஆனால் இடக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. அவன் வீடு திரும்பியபின் ஒருநாள், துணிவை வரவழைத்துக்கொண்டு அங்கே சென்றோம். மன்னிப்புக் கேட்பதே நம் நோக்கம். நாம் வாய் திறக்குமுன் அந்தத் தாய், "நான்தானே சார் வேணாம்னு சொன்னேன். நீங்க இன்னா பண்ணுவீங்க?" என்று சொல்லிக் கண்ணீர் விட்டார். நம் குற்றத்தையும் சேர்த்து அவரே சுமந்துகொண்டிருந்தார். அந்நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். நா எழவில்லை. பேசாமல் திரும்பினோம். பொய் எழுதியதைவிட, அந்த மௌனமே நமக்கு நெடுங்காலம் பாரமாயிருந்தது.

ஆண்டுகள் மூன்று சென்றன. பற்களுள்ள தகடு போய், கவட்டு ஊசி வந்தது. அம்மைப்பாலில் தோய்த்தால் அதன் இரு முனைகளுக்கு இடையே ஒரு துளி நிற்கும். தோலின்மேல் விரைவாக 15 முறை குத்தினால் போதும், திருகத் தேவையில்லை. முன்னைவிடக் குறைந்த அம்மைப்பால், குறைந்த நோவு, உறுதியான பயன். கொதிக்க வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். இவ்வளவு எளிய பொருள் உலகின் கொடிய நோய் ஒன்றை ஒழிக்கத் துணைநின்றது என்றால் இக்காலத்தார் வியப்பர்.

அந்த ஊசியோடு அதே சந்திற்குச் சென்றோம். கடைசிக் குடிசையில் இப்போது ஒரு கைக்குழந்தை, பெண் குழந்தை, தாயின் மடியில் இருந்தது. பையன் அருகில் நின்றான். இம்முறை ஊசியை எடுக்குமுன் உண்மையைச் சொன்னோம். குத்தாமலே குத்தியதாக எழுதியதையும், மறுவாரம் வராமல் போனதையும், அவர் செய்யாத குற்றத்தை அவர் சுமந்ததையும் சொன்னோம். சந்து முழுதும் கேட்டாலும் கேட்கட்டும் என்றே சொன்னோம்.

அவர் சற்று நேரம் தலை குனிந்திருந்தார். பிறகு, "அன்னிக்கு நீங்க வந்து நின்னப்பவே உங்க மூஞ்சியில தெரிஞ்சுது சார். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார். சொல்லிவிட்டு, குழந்தையின் கையை நம் பக்கம் நீட்டி, "இவளுக்கு எண்ணிக் குத்துங்க" என்றார்.

எண்ணியது நாம் அல்லோம். பையன் எண்ணினான். பள்ளியில் அப்போதுதான் சேர்ந்திருந்தான் போலும். ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணி, பதினைந்தில் நிறுத்தி, "சரியாப் போச்சு" என்றான். தங்கை அழுது முடிப்பதற்குள் அந்தத் தாய் எழுந்து, "வாங்க சார்" என்று நம்மை அடுத்த வீட்டிற்கு அழைத்துச் சென்றார். அதற்கடுத்த வீட்டிற்கும் அழைத்துச் சென்றார். "புள்ள கண்ணு போச்சே, பாத்தீங்க இல்ல? கையை நீட்டுங்க" என்று அவர் சொன்னால் மறுப்பவர் இல்லை. எத்தனை ஆணைகள் சாதிக்க முடியாததை அவர் ஒரு பிற்பகலில் சாதித்தார்! அன்று நம் கணக்கேட்டில் ஏறிய பெயர்கள் 52. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கை இருந்தது.

நம் ஒருவரின் தவறு பெருங்கடலில் ஒரு துளி என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டோம். 1962-இல் நாடு முழுதும் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கி, கோடிக்கணக்கானோர்க்கு அம்மை குத்தியதாக ஏடுகள் கூறியபோதும் நோய் ஒழியவில்லை. எளிதில் கிடைத்த பள்ளிப் பிள்ளைகளுக்கே மீண்டும் மீண்டும் குத்தப்பட்டது. எட்டாத குடிசைகளில் இருந்தோர் விடுபட்டனர். எண்ணிக்கை ஏறிற்று; நோயும் இருந்தது. 1974-இல் மட்டும் இந்தியாவில் 1,88,000 பேர் நோயுற்றனர். 30,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பீகார் மாநிலம் பெரிதும் துன்புற்றது. குத்திய கணக்கை மட்டும் நம்பாமல், நோயாளி எங்கே என்று வீடு வீடாகத் தேடிச் சென்று, கண்ட இடத்தில் சுற்றியுள்ளோர் அனைவர்க்கும் குத்தும் முறையை 1973-இன் பிற்பகுதியிலிருந்து முழுமூச்சாக மேற்கொண்டபின்னரே நோய் பின்வாங்கியது. பெட்டியிலிருந்த வண்ணப்பட அட்டை அத்தேடலுக்கு உரியது. பள்ளிகளிலும் சந்தைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அதைக் காட்டி, "இப்படி யாரையேனும் கண்டீர்களா?" என்று கேட்கவேண்டும். தகவல் தருவோர்க்கு வெகுமதியும் உண்டு. அது 1975-இல் 1,000 ரூபாய் வரை உயர்ந்தது.

1975 மே மாதத்தோடு இந்திய மண்ணில் பெரியம்மை முடிவுற்றது. 1977-இல் பன்னாட்டு ஆய்வுக் குழுவினர் அதனை உறுதி செய்தனர். 1980 மே 8-ஆம் நாள், உலகிலிருந்தே அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது. "ஏட்டைப் பார்க்காதே, கையைப் பார்" என்று நம் ஆய்வாளர் ஒரு பழைய மேசையின் பின்னிருந்து சொன்ன மொழியைத்தான் உலகமும் வேறு சொற்களில் கற்றுக்கொண்டது என நமக்குத் தோன்றுவதுண்டு. அதன்பின் அம்மை குத்துபவர் என்ற வேலையே இல்லாது போயிற்று. சுகாதாரத் துறையிலேயே வேறு பணிகள் பார்த்து 2004-இல் ஓய்வு பெற்றோம். பதவியில் இருந்தோர் அனைவரும் சேர்ந்து பாடுபட்டு, அப்பதவியே வேண்டாததாகும்படி செய்த வேலை உலகில் வேறு எத்தனை உண்டு?

இவை அனைத்தையும் கேட்டு முடித்த பேத்தி, தன் இடக் கையின் மேற்புறத்தைத் தடவிப் பார்த்தாள். "எனக்கும் தழும்பு இருக்கிறதே, தாத்தா?" என்றாள். அது காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு என்று சொல்லி, நம் கையிலும் துணைவியார் கையிலும் உள்ள பழைய அம்மைத் தழும்புகளைக் காட்டினோம். பெரியம்மையின் பொருட்டு அவள் உடம்பில் ஓர் அடையாளமும் இல்லை. இருக்கத் தேவையுமில்லை. 1967-இல் ஒரு குழந்தையின் கையில் தழும்பு இல்லாமை கண்டு நாணிக் குறுகினோம். இத்தனை ஆண்டுகள் கழித்து நம் வீட்டுப் பிள்ளையின் கையில் அதே இல்லாமையைக் கண்டு உள்ளம் குளிர்ந்தோம்.

கருவியையும் ஊசியையும் அட்டையையும் தன் கல்லூரி ஆசிரியர்களிடம் காட்டவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். கணக்கேட்டையும் கேட்டாள். முதலில் தயங்கினோம். நாளை அவளும் நோயாளியின் தலைமாட்டில் நின்று காய்ச்சல் அளவையும் நாடித் துடிப்பையும் தாளில் எழுதுவாள். இரவுப் பணியின் அயர்வில், பார்க்காமலே எழுதிவிடலாம் என்ற எண்ணம் என்றேனும் ஒருநாள் அவளுக்கும் எழக்கூடும். அந்த நேரத்தில் இச்சிவப்புக் கோடுகள் அவள் நினைவுக்கு வரட்டும் என்று எண்ணி, அதையும் அவள் கையில் கொடுத்தோம்.

துணைவியார் மீண்டும் வந்து, பெட்டியை என்ன செய்வது என்று கேட்டார். அது இப்போது வெறும் பெட்டிதான். இரும்புக்காரருக்கே போடலாம் என்றோம்.